கந்தோரும் வீடும்

அலுவலகம் என்ற சொல் பெருவழக்காவதற்கு முன்னர், இலங்கைத் தமிழர் ‘கந்தோர்’ என்ற சொல்லையே வழங்கிவந்தனர். ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொல் அது. கண்டி இராச்சியத்தை ஒல்லாந்தரால் நிலையாகக் கைக்கொள்ள முடியவில்லை. ஆயினும் அவர்கள் சொல் மட்டும் மலையேறி வந்து, இங்குள்ள முதியோர் நாவில் இன்றும் தங்கியிருக்கிறது. “கந்தோருக்குப் போய்வருகிறேன்” என்று சொல்லிவிட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் நாள்தோறும் வீட்டை விட்டுப் புறப்பட்டவன் நான். அரசாங்க எழுதுவினைஞனாகப் பணியாற்றி, இளைப்பாறி, இப்பொழுது கண்டிக்கு அண்மையில் வாழ்ந்து வருகிறேன். ஆகவே, அரசாங்க ஊழியர் வீட்டிலிருந்து பணியாற்றிய காலத்தைப் பற்றியும், அவர்கள் மீண்டும் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டதைப் பற்றியும் பேசுவதற்கு எனக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன்.

அரசாங்க வேலையை வீட்டிலிருந்து செய்தல் இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நம் நாட்டுக்குப் பழையதே. யாழ்ப்பாணப் பக்கத்தில் விதானையார் என்றும், கண்டிப் பக்கத்தில் ஆராச்சி என்றும் அழைக்கப்பட்ட கிராமத் தலைமைக்காரருக்கு வீடே அலுவலகமாக இருந்தது. அவர் வீட்டுத் திண்ணையிலே வழக்குகள் பேசப்பட்டன, பிணக்குகள் தீர்ந்தன, கடிதங்கள் எழுதப்பட்டன. 1963 ஆம் ஆண்டில் அப்பதவி நீக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி உண்டாக்கப்பட்டது. பிற்காலத்தில் கிராம உத்தியோகத்தர் எனப் பெயர்பெற்ற அவர்களுள்ளும், தம் வீட்டின் ஒரு பக்கத்து அறையையே அலுவலகமாகக் கொண்டவர் பலர். இந்த ஏற்பாட்டைக் கிராமத்தவர் எவரும் குறைகூறியதாக நான் கேட்டதில்லை. காரணம் எளிது. ஆளும் அங்கே இருந்தார். அவருடைய பதிவேடும் அங்கே இருந்தது. நாடிவரும் மக்களும் அதே ஊரில் இருந்தார்கள்.

இந்த மூன்றையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்லவிருப்பது முழுவதும் இவற்றைப் பற்றியதே.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய் காரணமாக நாட்டில் ஊரடங்கு பிறந்தது. அரசாங்க ஊழியர் வீட்டிலிருந்து பணியாற்றுமாறு பணிக்கப்பட்டனர். நோய் தணிவதும் பெருகுவதுமாக இருந்தமையால், ஊழியரை அழைப்பதும் நிறுத்துவதுமாகவே காலம் சென்றது. 2021 ஆகஸ்ட் 2 ஆம் திகதி முதல் எல்லா அரசாங்க ஊழியரும் வழமைபோல் கடமைக்கு வரவேண்டுமென்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே மாதம் 20 ஆம் திகதி இரவு நாடு மீண்டும் மூடப்பட்டு, ஒக்டோபர் முதலாம் திகதிதான் திறக்கப்பட்டது.

நோய் ஓய்ந்தது என்று மூச்சுவிடுமுன் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் மக்கள் இரவுபகலாக வரிசையில் நின்ற நாள்களை எவர் மறப்பார்? ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் எரிபொருள் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே அது வழங்கப்படுமென்று அரசாங்கம் சிறிது காலம் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அதே ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. வீட்டுத் தோட்டத்தில் பயிரிட்டு உணவுப் பற்றாக்குறையை எதிர்கொள்ளட்டும் என்பதும் அதற்கு ஒரு நோக்கம். தொடர்ந்து 20 ஆம் திகதி முதல், இன்றியமையாத ஊழியர் தவிர ஏனையோர் வீட்டிலிருந்து பணியாற்றுமாறு சுற்றுநிருபம் வெளிவந்தது. இரண்டு வாரத்துக்கென்று தொடங்கிய கட்டுப்பாடு வாரக்கணக்கில் நீண்டு, ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் முடிவுக்கு வந்தது. ஊழியர் அனைவரும் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரலாயினர்.

அந்த இடைக்காலத்தில், ஜூலை மாதத்தில் ஒருநாள், நான் கண்டி நகரத்தில் உள்ள ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு என் சொந்தக் காரியமாகச் சென்றிருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எந்த அலுவலகமாயினும் அன்று நிலைமை ஒன்றுதான். நீண்ட மண்டபத்தில் பத்து மேசைகளில் ஏழு வெறுமையாக இருந்தன. வாங்கில் என் அருகே ஒரு முதியவரும் அவர் மகனும் அமர்ந்திருந்தனர். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். முதியவரின் மனைவி இறந்துவிட்டார். அவருடைய சேமலாப நிதியைப் பெறவேண்டும். ஆனால் அடையாள அட்டையில் ஒரு பெயரும், தோட்டத்துப் பதிவில் வேறொரு பெயரும் இருந்தன. நம் தோட்டப்புற மக்களின் பத்திரங்களில் இது எத்தனை வழக்கமான குறை என்பதை மலைநாட்டு நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் ஒருவர் எழுத, அதை ஆங்கிலத்தில் இன்னொருவர் எழுத, ‘முத்தம்மா’ என்பவர் மூன்று பத்திரத்தில் மூன்று பெண்ணாகிவிடுவார்.

“இன்றைக்கு வேலை முடிந்துவிடுமா?” என்று கேட்டேன்.

“எங்கய்யா! தமிழ் தெரிஞ்ச பிள்ளை செவ்வாய்க்கிழமைதான் வருமாம். இது மூணாவது தடவை” என்றார் பெரியவர்.

மகன் ஒன்றும் பேசவில்லை. அவர் தோட்டத் தொழிலாளி. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. பஸ் வண்டியின் ஆகக் குறைந்த கட்டணம் அந்த ஆண்டு ஜனவரியில் 17 ரூபாவாக இருந்து, ஜூலையில் 40 ரூபாவுக்கு ஏறியிருந்தது. ஏனைய கட்டணங்களும் அவ்வாறே உயர்ந்தன. ஊழியரின் பயணத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாட்டில், அந்த இருவரின் பயணம் மூன்றுமடங்காயிற்று.

1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தில் மொழிக்கு இடம் கிடைத்தது. அலுவலகத்திலோ அம்மொழி பெரும்பாலும் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. பத்துப் பேர் உள்ள இடத்தில் தமிழில் வாசித்து எழுதக்கூடியவர் ஒருவரோ இருவரோதான். சிங்களம் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வராவிட்டால் அடுத்த மேசைக்காரர் அவ்வேலையைப் பார்ப்பார். தமிழ் தெரிந்த ஒருவர் வராவிட்டாலோ, அன்றைக்கு அந்த அலுவலகத்தில் தமிழே இல்லை.

அன்று மாலை வீடு திரும்பியபோது எனக்குச் சினம் இருந்தது. அச்சினத்தை என் உறவுப் பெண் ஒருத்தியிடம் காட்டினேன். அவளும் கண்டியில் வேறோர் அலுவலகத்தில் பணிபுரிபவள், நாவலப்பிட்டியில் வீடு, தமிழ் தெரிந்த ‘பிள்ளை’களுள் அவளும் ஒருத்தி. “வீட்டிலிருந்து என்னதான் செய்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

அவள் அமைதியாகவே விடையளித்தாள்: “மாமா, கோவைகள் எல்லாம் கந்தோர் அலுமாரியில் இருக்கின்றன. அலுமாரிச் சாவி பிரதம எழுதுவினைஞரிடம் இருக்கிறது. கோவையை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. கணினியில் ஏற்றவும் இல்லை. சனங்கள் என் சொந்தத் தொலைபேசிக்கு எடுக்கிறார்கள். நான் எதைப் பார்த்துப் பதில் சொல்வேன்? மின்சாரம் வந்தால் இணையம் இல்லை. இணையம் வந்தால் தொலைபேசியைப் பிள்ளை படிப்புக்கு வாங்கிக்கொள்கிறான். நான் சும்மா இருக்க விரும்பியா இருக்கிறேன்?”

முப்பத்தைந்து ஆண்டுகள் கோவைகளோடு வாழ்ந்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அக்காலத்தில் அரசாங்க ஊழியரைச் சோம்பேறிகள் என்று பலரும் ஏசினர். ஏசியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் நடந்தது என்ன? ஆள் வீட்டுக்குப் போனார். கோவை அலுமாரியில் இருந்தது. மக்கள் வாங்கில் இருந்தனர். பழைய ஆராச்சியின் திண்ணையில் ஒன்றாக இருந்த மூன்றும் இங்கே மூன்று திசையில் பிரிந்துவிட்டன. வீட்டிலிருந்து பணியாற்றுதல் நம் நாட்டில் தோல்வியுற்றதற்கு ஊழியரின் குணத்தைவிட இப்பிரிவே பெருங்காரணம் என்பது என் கருத்து.

இனி, திரும்பி வந்த கதையைப் பார்ப்போம்.

கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்றது. உள்ளே வருவதற்கு வழிகள் சில. கம்பளைப் பக்கமிருந்தும் கடுகண்ணாவைப் பக்கமிருந்தும் வருவோர் பேராதனையைக் கடந்து கட்டம்பேயில் நெருக்குண்கின்றனர். மாத்தளைப் பக்கத்தார் கட்டுகஸ்தோட்டையில் காத்திருக்கின்றனர். திகனைப் பக்கத்தார் தென்னக்கும்புரப் பாலத்தைக் கடக்கவேண்டும். பாடசாலைப் பிள்ளைகளும், வைத்தியசாலைக்குப் போவோரும், தலதா மாளிகையை வழிபடுவோரும், அலுவலகத்தாரும் ஒரே நேரத்தில் இச்சில வாயில்களிலே நுழைகின்றனர். வாகனப் புகை மலைகளுக்கிடையே தங்கி நிற்கிறது.

என் உறவுப் பெண் விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்து, நாவலப்பிட்டியில் புகையிரதம் ஏறுகிறாள். 1867 ஆம் ஆண்டில் கண்டிக்கு வந்த புகையிரதப் பாதை இன்னும் அரசாங்க ஊழியரின் உயிர்நாடிதான். வண்டி பிந்தினால் அலுவலகத்து வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். நோய்க்காலத்தில் நிறுத்திவைத்திருந்த விரல்ரேகை இயந்திரமும் பின்னர் தன் கடமைக்குத் திரும்பிவிட்டது. மாலையில் அவள் வீடு சேரும்போது இருட்டிவிடும். “வீட்டில் இருந்த காலத்தில் அம்மாவுக்கு நேரத்துக்கு மருந்து கொடுத்தேன். பிள்ளையின் கொப்பியைப் பார்த்தேன். அது ஒன்றுதான் மாமா எனக்கு நட்டம்” என்றாள். ஒன்றுதான் என்று அவள் சொன்னாலும் அது சிறிய நட்டம் அன்று. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வழியிலே கழியுமாயின், வாரத்தில் ஐந்து நாளுக்கு இருபது மணி நேரம். அரைவாரத்து வேலைநேரம் சம்பளமின்றி வீதிக்குப் போகிறது.

ஆயினும் திரும்பி வந்ததில் ஒரு பெரும் நன்மை உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. அந்த முதியவரின் காரியம் செப்டெம்பர் மாதத்தில் முடிந்தது. நான்காவது பயணத்தில், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் தம் மேசையில் இருந்தார். கோவையை எடுத்து, இரு பெயரும் ஒருவருடையவே என்பதற்கான கடிதத்தை எழுதி, பக்கத்து அறையில் ஒப்பமும் வாங்கிக் கொடுத்தார். பத்து நிமிடத்து வேலை என்று மகன் பின்பு எனக்குச் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் இழந்தது நான்கு நாட்சம்பளம், அதாவது 4,000 ரூபா. பஸ் கட்டணம் வேறு.

இவ்வழக்கு நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2025 ஜனவரி 20 ஆம் திகதி, புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே, மத்திய அரசாங்க ஊழியர் முழுநேரமும் அலுவலகத்துக்குத் திரும்பவேண்டுமென்று கட்டளை பிறந்தது. கனடாவில் 2024 செப்டெம்பர் 9 ஆம் திகதி முதல் மத்திய அரசாங்க ஊழியர் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் அலுவலகத்தில் இருக்கவேண்டும் என்றனர்; ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. பிரித்தானியாவில் வேலைநேரத்தில் நூற்றுக்கு 60 பங்கை அலுவலகத்தில் கழிக்கவேண்டும் என்று விதித்தனர். ஆனால் அந்நாடுகளில் கோவைகள் பெரும்பாலும் கணினிக்குள் இருக்கின்றன. ஊழியர் எங்கிருந்தாலும் கோவை அவர் முன் வந்துவிடும். அங்கே வழக்கு நாற்காலியைப் பற்றியது. நம் நாட்டிலோ நாற்காலிக்கு முன்னதாக அலுமாரியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. அவர்களுடைய வாதங்களை அப்படியே எடுத்து இங்கே பேசினால் இரு பக்கத்தாரும் வழி தவறுவர்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? அனுபவத்தில் எனக்குத் தோன்றுவனவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, ஆளை நகர்த்துமுன் கோவையை நகர்த்தவேண்டும். இதற்கான தொடக்கம் நம் நாட்டிலும் உண்டு. பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றின் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, அவற்றின் பிரதியை அண்மையிலுள்ள பிரதேச செயலகத்திலே பெறும் ஏற்பாடு வந்தது. முன்பு பிறந்த ஊருக்குப் போய்த்தான் பெறவேண்டும். 2025 பெப்ரவரியில், அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய பணத்தை இணையவழிச் செலுத்தும் ‘கவ்பே’ என்னும் முறை தொடங்கப்பட்டது. இவ்வாறு நகர்ந்த ஒவ்வொரு கோவையும் ஒரு பயணத்தை மிச்சப்படுத்துகிறது. ஊழியருக்கும் மக்களுக்கும் ஒருங்கே.

இரண்டாவதாக, வீடு அல்லது கண்டி என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கண்டி மாவட்டத்தில் 20 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. நாவலப்பிட்டியில் ஒன்று உண்டு, கம்பளையில் ஒன்று உண்டு, தெல்தோட்டையிலும் உண்டு. என் உறவுப் பெண் வாரத்தில் இரண்டு நாள் தன் ஊர்ப் பிரதேச செயலகத்தில் ஒரு மேசையில் இருந்து தன் அலுவலகத்து வேலையைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கட்டம்பேயில் நெரிசல் சிறிது குறையும். அவள் வழியில் கழிக்கும் நேரம் குறையும். அந்த இரண்டு நாளில் நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டத்து மக்களுக்குத் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் கூடுதலாகக் கிடைப்பார்.

மூன்றாவதாக, எந்த உத்தியோகத்தர் எந்நாளில் இருப்பார், தமிழில் யாரிடம் பேசலாம் என்பதை அலுவலக வாயிலில் மும்மொழியிலும் எழுதி வைக்கவேண்டும், தொலைபேசியிலும் சொல்லவேண்டும். இதற்குக் கணினியும் வேண்டாம், கரும்பலகை போதும். அந்தப் பலகை அன்று இருந்திருந்தால் தெல்தோட்டைப் பெரியவருக்கு இரண்டு பயணமாவது மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் இணையத்திலே ஒப்படைத்துவிடலாம் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. 2025 நவம்பர் மாத இறுதியில் ‘திட்வா’ புயல் மலைநாட்டைத் தாக்கியது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மலை சரிந்தது, வீதிகளும் புகையிரதப் பாதையும் அறுந்தன, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே நின்றன. அத்தகைய நாளில் எந்தக் கணினி உதவும்? எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த லயத்தில் நோயாளி, எந்தக் குடும்பம் பாடசாலையில் தங்கியிருக்கிறது என்பவற்றை நேரில் அறிந்த ஆளே உதவுவார். சில பணிகளுக்கு ஆள் அங்கே இருந்தேயாகவேண்டும். கரும்பீடத்துப் பணியும் கிராமத்துப் பணியும் அத்தகையன. அவற்றைச் செய்வோர் வீட்டிலிருக்க விரும்புதல் ஆகாது. ஆனால் கணக்கைச் சரிபார்ப்பவரும், அறிக்கை எழுதுபவரும், பட்டியல் தயாரிப்பவரும் நாள்தோறும் கிண்ணத்துக்குள் வந்து நெருக்குண்ணவேண்டும் என்பதற்குக் காரணம் காணேன். எல்லாருக்கும் ஒரே சுற்றுநிருபம் எழுதுதல் எழுதுபவருக்கு எளிது. அதனால் வரும் துன்பத்தைச் சுமப்பவர் வேறு.

அரசாங்க ஊழியருக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து பணியாற்றும் உரிமையை மீண்டும் கேட்பீர்களாயின், உங்கள் வசதியை மட்டும் காட்டிக் கேளாதீர்கள். நாங்கள் வீட்டிலிருந்தபோதும் இன்னின்ன கோவைகள் முடிந்தன, வாங்கில் எவரும் காத்திருக்கவில்லை என்று காட்டிக் கேளுங்கள். அப்பொழுது மக்களே உங்களுக்காகப் பேசுவர். மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சிவப்புக் கோட்டுக்கு மேலே எத்தனை ஒப்பம் விழுந்தது என்று எண்ணுவதோடு நில்லாமல், மாலையில் எத்தனை பேர் காரியம் முடிந்து வீடு சென்றனர் என்றும் எண்ணிப் பாருங்கள். நானும் பல ஆண்டுகள் அச்சிவப்புக் கோட்டைக் கீறியவன்தான். அன்று இந்த இரண்டாவது கணக்கை நான் எடுத்ததில்லை.

தெல்தோட்டைப் பெரியவருக்குச் சேமலாப நிதி கிடைத்துவிட்டது என்று பின்பு அறிந்தேன். அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது. “ஏனய்யா, அந்தப் பிள்ளை வீட்டிலேதான் இருந்துச்சுன்னா, வீடு எங்கேன்னு சொல்லியிருந்தா நாங்க அங்கேயே போயிருப்போமே?” என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆராச்சியின் திண்ணையை அறிந்த தலைமுறையின் கேள்வி அது. அவருக்குக் கந்தோர் எது, வீடு எது என்பதில் அக்கறை இல்லை. தம் கடிதத்தை எழுதித் தரக்கூடியவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டுமே அவர் அறிய விரும்பினார். அதனை அவருக்குச் சொல்லும் கடமை அரசாங்கத்தைச் சேர்ந்தது.